மின்விசிறியை அணைத்துவிட்டு

முதலில் மின்விசிறியை அணைக்க வேண்டும்.
மே மாதம், பெரம்பூர்,
மொட்டைமாடிக்கு நேர் கீழே வீடு.
அணைப்பது சின்ன விஷயமில்லை.
ஆனால் சீட்டுகள் வெறும் தாள் கனம்.
இரண்டாம் எண்ணில் வைத்தாலே
வடக்குக் கடற்கரை எழுந்து பறந்து
சோபாவுக்கு அடியில் போய் விழும்.

பெட்டியின் பக்கவாட்டில்
ஒரு தலை, இரண்டு தோள்,
அருகில் 1 என்று ஓர் எண்.
புரசைவாக்கத்துக் கடைக்காரர் அதை மூன்று முறை தொட்டுக் காட்டினார்:
"மேடம், ஒருத்தர் மட்டும்தான் ஆட முடியும்."
ஓட்டைப் பாத்திரத்தைத் தள்ளுபடியில் தருபவரின் நேர்மை.
அதுக்குத்தாங்க வாங்குறேன், என்றேன்.

ஒரு தீவு. அதில் கலங்கரை விளக்கம்.
காப்பவள் நான்.
பன்னிரண்டு இரவுகள் அணையாமல் எரிய வேண்டும்.
எண்ணெய்க்கு இருபது மஞ்சள் கட்டைகள்,
பத்தொன்பது என்பதே சரி,
ஒன்றைத் துடைப்பம் கொண்டுபோனது.
அதன் இடத்தில் ஒரு கொண்டைக்கடலை
போன ஆவணியிலிருந்து எரிந்துகொண்டிருக்கிறது.

எதிரிக்கென்று தனிச் சீட்டுக்கட்டு.
எதிரிக்கு மூளை கிடையாது,
பொறாமை கிடையாது,
நேற்று என்னைத் தோற்கடித்த ஞாபகம் கிடையாது.
விதிப்புத்தகம், பக்கம் ஒன்பது:
சந்தேகம் வந்தால்
உங்களுக்கு எது அதிகத் துன்பமோ
அதையே எதிரி செய்யும்.
படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தேன்.
பதினோரு வருடமாக ஆஸ்பத்திரி பில்லிங் கவுண்டரில் இருக்கிறேன்,
கண்ணாடியில் வட்டமாக ஒரு துளை,
அதன் வழியே நாள் முழுக்கக் குரல்கள்.
இந்த விதியை இவ்வளவு தெளிவாக
யாரும் எனக்கு எழுதித் தந்ததில்லை.

ஒருமுறை அக்கா வீட்டுக்காரர் ஜெபமணி
காபி டம்ளரோடு பின்னால் வந்து நின்றார்.
கொஞ்ச நேரம் பார்த்தார்.
"அந்தக் கப்பலை இப்படித் தள்ளும்மா."
தள்ளினேன்.
சரியாகத்தான் சொல்லியிருந்தார். அதுதான் எரிச்சல்.
"பார், ஜெயிச்சிட்டோம்!"
அந்த 'டோம்' ஒரு வாரம்
செருப்புக்குள் சரளைக்கல் போல உறுத்தியது.
இப்போதெல்லாம் அவர் வருகிறார் என்றால்
தீவு அரிசி மூட்டைக்குப் பின்னால்.

இன்றைக்கு ஒன்பதாம் இரவில்
பகடை உருண்டு கிரைண்டர் இடுக்கில் போனது.
டார்ச் அடித்துப் பார்த்தேன்.
இரண்டு.
எனக்கு நான்காவது வேண்டும்.
கீழே விழுந்தால் செல்லாது என்று
எந்தத் தெருவிலும் ஒரு சட்டம் உண்டு,
புத்தகத்தில் அதைப்பற்றி ஒரு வரி இல்லை.
சாட்சிக்கு ஒரு பல்லி,
அதுவும் ட்யூப்லைட்டுப் பூச்சியில் மும்முரம்.

குனிந்த முதுகோடு அப்படியே இருந்தேன்.
மூக்கு நுனியிலிருந்து வியர்வை ஒரு சொட்டு.
யாரை ஏமாற்றப் போகிறேன்?
எதிரிக்கோ கண்ணே கிடையாது.
"இரண்டுதான்," என்றேன் சத்தமாக,
அந்த அறையில் ராத்திரி முழுதும் பேசிய ஒரே வார்த்தை.
பல்லி எதுவும் சொல்லவில்லை.

பத்தாம் இரவு தாண்டியது.
பதினொன்றில் கொண்டைக்கடலையையும் ஊற்றினேன்.
பன்னிரண்டில், விடிய ஒரு சீட்டு பாக்கி இருக்கையில்,
தெற்குப் பாறையில் ஒரு கப்பல் மோதியது.
மணி ஒன்றே முக்கால்.
வியாசர்பாடிப் பக்கம் ஏதோ ரயில் நீளமாக ஊதிப் போனது.

தோற்றதும் ஒரு சுகம் இருக்கிறது, எப்படிச் சொல்ல.
எதிர்ப்பக்கம் யாரும் துள்ளவில்லை,
அடுத்த தடவை பாத்துக்கலாம் என்று தோளைத் தட்டவில்லை.
தோல்வி என் அளவுக்கே தைத்த ரவிக்கை மாதிரி
பிடிக்காமல் தளராமல் உட்கார்ந்தது.

எழுந்து போய் மின்விசிறியை
ஐந்தில் திருப்பிவிட்டேன்,
பலகையை எடுத்துவைக்க மறந்து.
புயல், மூடுபனி, வடக்குக் கடற்கரை எல்லாம்
அறை முழுக்கப் பறந்தன.
பறக்கட்டும்.
வெறுந்தரையில் மல்லாந்து படுத்தேன்.
கழுத்தில் காற்று.

ஏழாம் இரவில்
அவ்வளவு எண்ணெய் ஊற்றியிருக்கக் கூடாது.